ஐ.பி. முகவரியை வைத்து இடம் கணிப்பது: நீலகிரிக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கோத்தகிரி, குன்னூர், ஊட்டி பக்கம் இணைப்பு கொடுப்பதும் பழுது பார்ப்பதும் என் வேலை. வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்கள், ஹோம்ஸ்டே நடத்துபவர்கள், தேயிலைத் தொழிற்சாலை ஆபீஸில் கணினி பார்ப்பவர்கள் என்று பலரும் இந்த விஷயத்தில் ஒரே மாதிரிதான் குழம்புகிறார்கள். சிலர் பயப்படுகிறார்கள், சிலர் தேவையில்லாமல் திட்டு வாங்குகிறார்கள். அதனால் பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

நான் கோத்தகிரியில் இருக்கிறேன். இணையதளங்கள் ஏன் சென்னை என்று காட்டுகின்றன?

அந்த இணையதளத்துக்குத் தெரிவதெல்லாம் உங்கள் இணைப்பு எந்த ஐ.பி. முகவரியோடு, அதாவது இணையத்தில் அதை அடையாளம் காட்டும் எண்ணோடு, வெளியே வந்தது என்பதுதான். அந்த எண்ணை ஒரு தரவுத்தளத்தில் தேடி, அதற்கு நேரே எந்த ஊர் எழுதியிருக்கிறதோ அதை எடுத்துக்கொள்கிறது.

மொபைல் டேட்டாவை எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் போன் பேசுவது கோத்தகிரி டவரோடுதான். ஆனால் அங்கிருந்து எல்லாம் நிறுவனத்தின் மையக் கருவிகளுக்குப் போய், அதற்குப் பிறகுதான் பொது இணையத்தில் சேரும். அந்தக் கருவிகள் பெரும்பாலும் சென்னை போன்ற பெருநகரத்தில் இருக்கும். வெளியே தெரிகிற ஐ.பி. முகவரி கிடைப்பதும் அங்கேதான். ஊட்டியில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பவருக்கு வானிலைப் பக்கம் 36 டிகிரி வெயில் காட்டுவது இதனால்தான். வீட்டு ஃபைபர் இணைப்பிலும் இதே கதை நடக்கும். அப்போது கோயம்புத்தூர் என்றோ பெங்களூரு என்றோ வரலாம்.

ஐ.பி. முகவரிக்குள்ளேயே ஊர் அடங்கியிருக்கிறதா?

இல்லை. தொலைபேசியில் 0423 என்றால் ஊட்டி, 04266 என்றால் கோத்தகிரி, 04542 என்றால் கொடைக்கானல் என்று எண்ணிலேயே ஊர் இருந்தது. ஐ.பி. முகவரியில் அப்படி எதுவும் கிடையாது. உலகத்தில் ஐந்து வட்டாரப் பதிவகங்கள் இருக்கின்றன. நம் ஆசிய பசிபிக் பகுதிக்கானது ஏப்னிக். அது ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் இருக்கிறது. இந்தியாவுக்குள் முகவரிகளைப் பகிர்ந்து கொடுப்பது நிக்ஸி என்ற இந்திய அமைப்பு நடத்தும் ஐ.ஆர்.ஐ.என்.என். என்ற பதிவகம். இவை ஒரு நிறுவனத்துக்கு ஆயிரக்கணக்கில், லட்சக்கணக்கில் எண்களைத் தொகுதியாகக் கொடுக்கின்றன. அதில் எந்தத் துண்டை எந்த ஊரில் பயன்படுத்துவது என்பது நிறுவனத்தின் இஷ்டம். இன்று கோவையில் இருக்கும் துண்டை அடுத்த மாதம் குவாஹாட்டிக்கு மாற்றலாம், யாரிடமும் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. பழைய ஐ.பி.வி4 முறையில் மொத்தமே சுமார் 429 கோடி எண்கள்தான். ஏப்னிக்கின் கையிருப்பு 2011 ஏப்ரலிலேயே கடைசித் தொகுதிக்கு வந்துவிட்டது, அதிலிருந்து ரேஷன்தான். அதனால் நிறுவனங்கள் பல வாடிக்கையாளர்களை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைக்கின்றன. உங்கள் ரூட்டரின் வெளிப்பக்க முகவரி 100.64 முதல் 100.127 வரையிலான ஓர் எண்ணில் தொடங்கினால், நீங்களும் அப்படிப் பின்னால் நிற்பவர்தான். உங்களோடு அதே முகவரியைத் திருநெல்வேலிக்காரர் ஒருவரும் சேலத்துக்காரர் ஒருவரும் பகிர்ந்துகொண்டிருக்கலாம். இதில் எந்த ஊரை எழுதினால் சரி?

அப்படியானால் தரவுத்தளத்தில் ஊரை எதை வைத்து எழுதுகிறார்கள்?

பல தடயங்களைச் சேர்த்துத்தான். முதலில் பதிவகத்தில் உள்ள நிறுவன முகவரி. இது பெரும்பாலும் தலைமை அலுவலகம், மும்பை அல்லது டெல்லி. சில இணையதளங்கள் நம்மை மும்பைக்காரர் ஆக்கிவிடுவது இப்படித்தான்.

அடுத்தது வழியில் தகவலைக் கைமாற்றி விடும் ரூட்டர்களின் பெயர்கள். பொறியாளர்கள் தங்கள் வசதிக்காக விமான நிலையக் குறியீட்டைப் பெயரில் சேர்ப்பது வழக்கம். சென்னைக்கு எம்.ஏ.ஏ., கோவைக்கு சி.ஜே.பி., பெங்களூருக்கு பி.எல்.ஆர். என்று வரும். உங்களை நோக்கி வரும் பாதையில் கடைசியாக சி.ஜே.பி. தென்பட்டால், நீங்கள் கோவை வட்டாரம் என்று கணிக்கலாம். நீலகிரியில் விமான நிலையம் இல்லை, கொடைக்கானலிலும் இல்லை. இந்த முறையில் நம் ஊர்கள் எப்போதும் கோவைக்கும் மதுரைக்கும் உள்ளேதான் கரைந்து போகும்.

மூன்றாவது, இருப்பிடம் ஏற்கெனவே தெரிந்த பயனர்கள். ஒரு முகவரித் தொகுதியில் பலர் தங்கள் ஊரைத் தாங்களே கொடுத்திருந்தால், அதே தொகுதியில் உள்ள மற்றவர்களும் அங்கேதான் இருப்பார்கள் என்று எடுத்துக்கொள்வது. நான்காவது, நேரத்தை அளந்து தூரத்தைக் கணிப்பது.

பெயர், தெரிந்த பயனர்கள், நேரம் ஆகிய மூன்றையும் 2001இலேயே வெங்கட பத்மநாபன், லட்சுமிநாராயணன் சுப்பிரமணியன் இருவரும் ஓர் ஆய்வுக் கட்டுரையில் ஒன்றோடு ஒன்று ஒப்பிட்டுக் காட்டினார்கள். இந்தத் துறையில் பிறகு வந்த ஆய்வுகள் பலவற்றுக்கும் அதுதான் அஸ்திவாரம்.

நேரத்தை வைத்து எப்படி இடம் தெரியும்?

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். கண்ணாடி இழைக்குள் ஒளி விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கி.மீ. போகும். வெற்றிடத்தில் போகும் வேகத்தில் மூன்றில் இரண்டு பங்கு. அதாவது ஒரு மில்லி செகண்டில் 200 கி.மீ. பிங் என்பது ஒரு கணினிக்குச் சிறு செய்தி அனுப்பிப் பதில் வரும் நேரத்தை அளப்பது; அதை அனுப்பினால் போகவும் வரவும் சேர்த்துத்தான் நேரம் காட்டும். ஆகவே பிங் நேரம் 1 மில்லி செகண்டு என்றால் எதிரில் இருக்கும் கருவி 100 கி.மீ.க்கு மேல் தள்ளி இருக்கவே முடியாது. இதில் ஏமாற்று கிடையாது, இயற்கை விதி.

ஊட்டியிலிருந்து சென்னை நேர்கோட்டில் சுமார் 430 கி.மீ. எனவே ஊட்டியில் இருக்கும் கணினி சென்னைக்கு 4.3 மில்லி செகண்டுக்குள் பதில் சொல்ல வழியே இல்லை. யாராவது 2 மில்லி செகண்டில் பதில் வாங்கிவிட்டால், அந்தக் கணினி ஊட்டியில் இல்லை என்று அடித்துச் சொல்லலாம்.

இனி பல ஊர்களிலிருந்து அளப்போம். கணக்குக்காக ஓர் உதாரணம்: சென்னையில் இருக்கும் ஒரு கணினி அளந்தால் 12 மில்லி செகண்டு. அப்படியானால் 1,200 கி.மீ. வட்டம், மும்பைகூட உள்ளே வந்துவிடும், பயனில்லை. கோவையிலிருந்து 3 மில்லி செகண்டு என்றால் 300 கி.மீ. வட்டம். மைசூரிலிருந்து 2 மில்லி செகண்டு என்றால் 200 கி.மீ. வட்டம். மூன்று வட்டங்களும் ஒன்றன்மேல் ஒன்று விழும் பகுதிக்குள் அந்தக் கணினி இருக்கிறது. 2004இல் இந்த வட்டக் கணக்கைச் சீராக வகுத்து ஓர் ஆய்வுக்குழு வெளியிட்டது. அதில் நான் மதிக்கும் விஷயம், விடையாக ஒரு புள்ளி வராது, ஒரு பரப்பு வரும். எவ்வளவு தெரியாது என்பதும் விடையிலேயே இருக்கிறது.

ஊட்டி முத்தோரையில் 530 மீட்டர் நீளத்தில் மலைச்சரிவில் படுத்திருக்கும் ரேடியோ தொலைநோக்கி 1970இல் செய்யத் தொடங்கிய வேலையும் இந்த மாதிரிதான். நிலவின் விளிம்பு எந்த நொடியில் எங்கே இருக்கும் என்று துல்லியமாகத் தெரியும். ரேடியோ அலைகளை வெளியிடும் தொலைவான ஒரு வான்பொருள் நிலவுக்குப் பின்னால் எந்த நொடியில் மறைகிறது, எந்த நொடியில் திரும்ப வருகிறது என்று அளந்து அதன் இடத்தைக் கணித்தார்கள். தெரிந்த இடங்களையும் அளந்த நேரத்தையும் வைத்துத் தெரியாத இடத்தைப் பிடிக்கும் முறை நம் மலைக்குப் புதிதல்ல.

இவ்வளவு நன்றாக இருக்கிறதே, பிறகு ஏன் மலையில் சரியாக வருவதில்லை?

கேபிள் நேர்கோட்டில் வருவதில்லை. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்குச் சாலை எப்படி வளைகிறதோ, சாலையோரம் புதைத்த இழையும் அப்படியே வளைகிறது. அப்புறம் ஒவ்வொரு ரூட்டரிலும் வரிசையில் காத்திருக்கும் நேரம். பக்கத்து ஊருக்குப் போக வேண்டிய தகவல்கூட முதலில் சென்னை போய்த் திரும்புவதும் நடக்கிறது. எல்லாம் நேரத்தைக் கூட்டும், வட்டம் பெரிதாகும்.

கொடைக்கானலுக்கும் வத்தலக்குண்டுக்கும் நேர்கோட்டில் சுமார் 30 கி.மீ. இது 0.3 மில்லி செகண்டு வித்தியாசம். வீட்டு வைஃபையில் வரும் தள்ளாட்டமே இதைவிட அதிகம். 2,000 மீட்டர் உயரத்தில் குளிரில் இருக்கும் கணினியையும் அடிவாரத்து வெயிலில் இருக்கும் கணினியையும் இந்த முறையால் பிரிக்க முடியாது.

மழைக்காலத்தில் இன்னும் மோசம். மண் சரிந்து பர்லியார் பக்கம் இழை அறுந்து, தகவல் போக்குவரத்தை கூடலூர், மைசூரு வழியாகச் சுற்றி விட்டால் நேரம் ஏறும், கணிப்பும் நகரும். செயற்கைக்கோள் இணைப்பு வைத்திருக்கும் ஒதுக்குப்புற எஸ்டேட்டுகளில் இந்த முறையே செல்லாது. 36,000 கி.மீ. உயரத்துக்குப் போய் வருவதால் எங்கிருந்து அளந்தாலும் கிட்டத்தட்ட அரை விநாடி.

நானே அளந்து பார்க்கலாமா?

தாராளமாக. பிங்கும், தகவல் எந்தெந்த ரூட்டர் வழியாகப் போகிறது என்று காட்டும் ட்ரேஸ்ரூட்டும் கணினியிலேயே இருக்கின்றன. வைஃபையை விட்டு ஒயரில் இணைத்து, விடியற்காலையில், பல தடவை அனுப்புங்கள். சராசரியைப் பார்க்காதீர்கள், வந்ததிலேயே மிகக் குறைந்த எண்தான் தூரத்துக்கு அருகில் இருக்கும். ட்ரேஸ்ரூட்டில் 192.168, 10 என்று தொடங்கும் வரிகளை விட்டுவிடுங்கள். அவை உள் உபயோக எண்கள், உலகம் முழுக்க எல்லார் வீட்டிலும் அவைதான்.

கூகுளின் 8.8.8.8 என்ற முகவரியைத் தேடினால் அமெரிக்கா என்று காட்டுகிறது. ஆனால் 20 மில்லி செகண்டில் பதில் வருகிறதே?

நல்ல கேள்வி. கலிபோர்னியா இங்கிருந்து 13,000 கி.மீ.க்கு மேல். குறைந்தது 130 மில்லி செகண்டு ஆக வேண்டும். 20இல் பதில் வந்தால் பதில் சொன்ன கணினி அமெரிக்காவில் இல்லை. கூகுள் அந்த ஒரே முகவரியைப் பல நாடுகளில் பல கணினிகளுக்குக் கொடுத்திருக்கிறது. உங்களுக்குப் பாதையில் அருகில் இருப்பது பதில் சொல்கிறது. இப்படிப்பட்ட முகவரிக்கு ‘ஊர்’ என்று ஒன்று கிடையாது. தரவுத்தளம் எதையோ எழுதியாக வேண்டுமே என்று அமெரிக்கா என்று எழுதுகிறது.

எழுதியாக வேண்டும் என்று ஏதோ ஒன்றை எழுதினால் என்ன கெட்டுப்போகும்?

நிறையக் கெட்டுப்போகும். அமெரிக்காவில் கான்சாஸ் மாநிலத்தில் பாட்வின் என்ற சிற்றூருக்கு அருகே ஒரு பண்ணை வீடு. மேக்ஸ்மைண்ட் என்ற தரவுத்தள நிறுவனம், நாடு மட்டும் தெரிந்து ஊர் தெரியாத அமெரிக்க முகவரிகளுக்கு நாட்டின் நடுப்பகுதியில் ஒரு புள்ளியை வைத்தது. தசம எண்களை முழு எண்ணாக்கி 38, 97 என்று வைத்த புள்ளி அந்தப் பண்ணையில் விழுந்தது. 60 கோடிக்கும் மேற்பட்ட ஐ.பி. முகவரிகள் அந்த ஒரு வீட்டைக் காட்டின. ஆண்டுக்கணக்கில் போலீஸ், மத்தியப் புலனாய்வு அதிகாரிகள், வரி அதிகாரிகள், ஆம்புலன்ஸ், காணாமல் போனவர்களைத் தேடி வந்தவர்கள் என்று யார் யாரோ கதவைத் தட்டினார்கள். அங்கிருந்தவர்களுக்குக் காரணமே தெரியவில்லை. 2016இல் ஒரு பத்திரிகையாளர் விசாரித்து எழுதிய பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. நிறுவனம் அந்தப் புள்ளியை ஓர் ஏரியின் நடுவே மாற்றியது.

இதில் தொழில்நுட்பம் தோற்கவில்லை என்பதுதான் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. ‘நாடு தெரியும், ஊர் தெரியாது’ என்று நிறுவனத்துக்குத் தெரிந்தே இருந்தது. அதைப் புள்ளியாக வரைந்ததும், பார்த்தவர்கள் அதை வாசற்கதவு என்று நம்பியதும்தான் தவறு. எந்த ஐ.பி. தேடல் பக்கத்திலும் ஊர் பெயரோடு ‘இத்தனை கி.மீ. சுற்றளவுக்குள்’ என்ற எண் இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாத ஊர் பெயரை நான் கணக்கிலேயே எடுப்பதில்லை.

போன் மேப் மட்டும் என் வீட்டு வாசலையே காட்டுகிறதே?

அது ஐ.பி. இல்லை. போனில் ஜி.பி.எஸ். இருக்கிறது, அதோடு சுற்றியுள்ள வைஃபை ரூட்டர்களின் அடையாள எண்களையும் டவர்களையும் பார்க்கிறது. எந்த ரூட்டர் எங்கே இருக்கிறது என்ற பெரிய பட்டியல் கூகுளிடமும் ஆப்பிளிடமும் உண்டு. இவையெல்லாம் உங்கள் அனுமதியோடுதான் இணையதளத்துக்குப் போகும்; ‘இருப்பிடத்தை அனுமதிக்கவா’ என்று பிரவுசர் கேட்பது அதற்குத்தான். ஐ.பி. கணிப்புக்கு யாரும் உங்களைக் கேட்பதில்லை.

டவரை மட்டும் வைத்துக் கணித்தால் மலையில் ஏமாறுவோம். பள்ளத்தாக்குக்கு எதிர்ப்பக்க மலையில் உள்ள டவர் பளிச்சென்று எடுக்கும், பக்கத்து டவர் மேட்டுக்குப் பின்னால் மறைந்திருக்கும். பந்தலூர்ப் பக்கம் எல்லையோரத்தில் போன் கேரள டவரைப் பிடிப்பதும் இப்படித்தான். ஆம்புலன்ஸுக்கோ 112க்கோ அழைத்தால், அவர்களுக்கு இடம் தெரிந்திருக்கும் என்று நம்ப வேண்டாம். எஸ்டேட் பெயர், டிவிஷன், கிட்டத்தில் உள்ள பள்ளி அல்லது கோயில், எல்லாவற்றையும் வாயால் சொல்லுங்கள்.

சென்னை வீட்டு ரூட்டரை இங்கே கொண்டுவந்தேன். மேப் இன்னும் சென்னையையே காட்டுகிறது.

ரூட்டர் பட்டியலில் அது இன்னும் சென்னையில் இருக்கிறது. ஜி.பி.எஸ். போட்ட போன்கள் அதைக் கடந்து போகப்போகத் தானாக மாறிவிடும். ஒதுக்குப்புற வீடு என்றால் கொஞ்சம் நாள் எடுக்கும்.

‘உன் ஐ.பி. என்னிடம் இருக்கிறது, வீட்டுக்கு ஆள் வரும்’ என்று ஒருவன் மிரட்டுகிறான்.

ஐ.பி.யை வைத்து அவனால் உங்கள் வீட்டுக்கு வர முடியாது. அதிகபட்சம் ஒரு நகரத்தின் பெயர் கிடைக்கும், அதுவும் தவறாக இருக்கலாம். ஆனால் மிரட்டலே குற்றம். ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு போலீஸில் புகார் கொடுங்கள். பணமும் போயிருந்தால் உடனே 1930 எண்ணை அழையுங்கள்.

போலீஸால் மட்டும் எப்படி முடிகிறது?

அவர்கள் தரவுத்தளத்தைப் பார்த்து வருவதில்லை, வரவும் கூடாது. இணைப்பு கொடுத்த நிறுவனத்திடம் ‘இந்த முகவரி இந்த நேரத்தில் யாரிடம் இருந்தது’ என்று சட்டப்படி கேட்கிறார்கள். முகவரியைப் பலர் பகிர்வதால் முகவரி மட்டும் போதாது. ஒரே முகவரியைப் பகிர்பவர்களின் இணைப்புகளைப் பிரித்துக் காட்டும் போர்ட் எண்ணும் நொடி வரையிலான நேரமும் வேண்டும். சர்வர் பதிவுகளில் சர்வதேச நேரம் இருக்கும், நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால். அதை மாற்றாமல் கேட்டால் வேறொருவர் பெயர் வரும். இந்தியாவில் பதிவுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்று 2022 ஏப்ரலில் மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் உத்தரவிட்டது.

இதில் கவனம் தவறினால் விலை பெரிது. 2007இல் பெங்களூரில் ஒரு மென்பொருள் ஊழியரை, ஓர் ஐ.பி. முகவரிக்குத் தவறாகக் கொடுக்கப்பட்ட வாடிக்கையாளர் விவரத்தை நம்பி, புனே போலீஸ் கைது செய்தது. செய்யாத குற்றத்துக்காக அவர் 50 நாள் சிறையில் இருந்தார். ஒரே ஓர் எண்ணை மட்டும் நம்பி ஒரு மனிதரைப் பற்றி முடிவெடுக்கக் கூடாது என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதற்காகத்தான்.

வீட்டிலிருந்து வேலை. ‘குன்னூர் என்றீர்கள், பெங்களூருவில் லாகின் ஆகியிருக்கிறீர்கள்’ என்று மேலாளர் விளக்கம் கேட்கிறார்.

இதே கேள்வியோடு வருபவர்கள் அதிகமாகிக்கொண்டே போகிறார்கள், கேட்கவே கஷ்டமாக இருக்கிறது. மேலே சொன்ன காரணங்களை எழுதி, உங்கள் இணைப்பு நிறுவனத்திடம் நிறுவல் முகவரியோடு உள்ள பில்லை வாங்கிக் கொடுங்கள். ட்ரேஸ்ரூட் எடுத்து வைப்பதும் உதவும். மேலாளர்களுக்கு ஒரு வேண்டுகோள்: ஐ.பி. ஊர் பெயர் மாறியது என்பது விசாரிக்கக் காரணமாக இருக்கலாம், தண்டிக்கக் காரணம் ஆகாது. வங்கியிலிருந்து ‘மும்பையில் லாகின்’ என்று செய்தி வந்தாலும் ஊரைப் பார்த்துப் பதறாதீர்கள். அந்த நேரத்தில் லாகின் செய்தது நீங்களா என்று பாருங்கள். நீங்கள் இல்லை என்றால் ஊர் சரியாகவே இருந்தாலும் உடனே வங்கிக்குச் சொல்லுங்கள்.

விபிஎன் போட்டால்?

விபிஎன் என்பது உங்கள் இணைப்பை வேறொரு சர்வர் வழியாக வெளியே அனுப்பும் சேவை, அதனால் அந்த சர்வரின் ஊர் தெரியும். அதுவும் சொன்ன ஊரில்தான் இருக்கிறது என்று நம்ப வேண்டாம். 2022இல் செர்ட்-இன் உத்தரவுக்குப் பிறகு எக்ஸ்பிரஸ்விபிஎன் தன் சர்வர்களை இந்தியாவிலிருந்து எடுத்துவிட்டு, இந்திய முகவரிகளை சிங்கப்பூரிலும் பிரிட்டனிலும் உள்ள சர்வர்களிலிருந்து கொடுக்கத் தொடங்கியது. ஊட்டியிலிருந்து சிங்கப்பூர் சுமார் 3,200 கி.மீ. ஆகவே குறைந்தது 32 மில்லி செகண்டு. ‘இந்திய’ சர்வர் 10இல் பதில் சொன்னால் சிங்கப்பூரில் இல்லை என்பது உறுதி. எப்போதும் 32க்கு மேலேயே இருந்தால் சந்தேகப்படலாம், நிரூபிக்க முடியாது.

தவறான ஊரைத் திருத்த வழி இருக்கிறதா?

இருக்கிறது. மேக்ஸ்மைண்ட், ஐ.பி.இன்ஃபோ போன்ற நிறுவனங்களின் தளத்தில் திருத்தப் படிவம் உண்டு. ஆனால் உங்கள் முகவரி நாளைக்கு மாறிவிடும் என்றால் நீங்கள் தனியாகத் திருத்திப் பயனில்லை. செய்ய வேண்டியவர் இணைப்பு கொடுப்பவர்.

அதற்கு ஜியோஃபீட் என்று ஒரு எளிய முறை இருக்கிறது, இணைய நெறிமுறைகளை விளக்கும் ஆர்.எஃப்.சி. ஆவண வரிசையில் 2020இல் 8805ஆவது எண்ணோடு வெளியானது. ஒரு சாதாரண எழுத்துக் கோப்பு. ஒவ்வொரு வரியிலும் முகவரித் தொகுதி, நாடு, மாநிலம், ஊர், நடுவில் காற்புள்ளி. அதைத் தன் தளத்தில் வைத்து, பதிவகத்தில் உள்ள தன் பதிவில் அதன் இணைப்பைக் குறிப்பிட்டால், தரவுத்தள நிறுவனங்கள் எடுத்துக்கொள்ளலாம். சொந்த முகவரித் தொகுதி வைத்திருக்கும் மலைப்பகுதி ஆபரேட்டர்கள் எல்லோரும் இதைச் செய்ய வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். ஒரு மதியம் போதும். ஊர் வரைக்கும் எழுதினால் போதும், அஞ்சல் குறியீடு வேண்டாம். முப்பது வீடு உள்ள ஊரில் அது ஆளையே காட்டிக்கொடுத்துவிடும். ஒரே தொகுதியைக் கோத்தகிரிக்கும் மேட்டுப்பாளையத்துக்கும் சேர்த்துப் பயன்படுத்துகிறீர்கள் என்றால், ஊர் இடத்தைக் காலியாக விட்டு மாநிலத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கோப்பு வைத்த பிறகு தரவுத்தளங்கள் புதுப்பிக்க ஆளுக்கொரு காலம் எடுக்கும். ஒன்று கோத்தகிரி என்றும் இன்னொன்று சென்னை என்றும் சில வாரங்கள் காட்டும், அதற்காகக் கோப்பை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டாம்.